வரப்பில் கவிழ்த்த தண்ணி

குண்டு,

அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்த உன் அம்மா எழுதுகிற கடிதம் இது. தப்பு இருந்தால் நீ வழக்கம்போல சிவப்புப் பேனாவில் சுழிக்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். உன் நோட்டில்தான் எழுதுகிறேன். மகளிர் குழுவுக்காக நீ வைத்திருந்த நோட்டு, பின்னாடி பாதி வெறுமையாக இருந்தது. நீ போய் பத்து மாதம் ஆகிறது. போன ஆடியில் உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து ரொம்ப நாள் இந்த நோட்டை நான் தொடவே இல்லை. இப்போது ஒரு காரணம் வந்திருக்கிறது. நம் உப்பளத்தில் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டி முடித்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் திறக்கிறார்கள். கதவை நான்தான் திறக்கணும் என்று எல்லாரும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே போய் நிற்பதற்கு முன்னாடி உன்கிட்டச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போய் நின்றால் திருடின பொருளைக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

இதை ஒளித்து வைக்கப்போவதில்லை. நாளைக்கு எல்லார் முன்னாடியும் செல்வியை விட்டுப் படிக்கச் சொல்லப்போகிறேன். செல்வி யாரென்று உனக்குத் தெரியாது. நம்மோடு கூடை சுமக்கிற அஞ்சலைக்கு மருமகள் வந்துவிட்டாள். பெருமுக்கல் பக்கத்துப் பொண்ணு, கழனி வேலை செய்த வீடு. பத்தாவது படித்திருக்கிறாள். குரல் கணீரென்று இருக்கும். அவள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

வெயிலைப் பழகிக்கொள்ளலாம், தலைச்சுமையைப் பழகிக்கொள்ளலாம், ஒதுங்க இடமில்லாததை எப்படிம்மா பழகிக்கொள்வது என்று நீ கேட்பாய். நான் பழகிக்கொண்டேன். அதுதான் என் கதை. அளத்தில் கண்ணுக்கெட்டின தூரத்துக்குப் பாத்திதான், பாத்திக்கு நடுவில் வரப்புதான், மறைவுக்கு ஒரு செடி கிடையாது. உப்பு வாருகிற ஆம்பளைகளுக்குக் கவலை இல்லை, வரப்பில் திரும்பி நின்றால் போதும். கூடை சுமக்கிற நாம் ரோட்டோரத்து வேலிக்காத்தான் புதர் வரைக்கும் நடக்கணும். போய்த் திரும்புவதற்குள் மேஸ்திரி ஏழுமலை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாம்மா, கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றியா? சாப்பாடு எப்டி?" என்பான். அந்தப் பக்கம் ரோட்டில் பாண்டிச்சேரி போகிற கார்கள். உப்புக் குவியலைப் படம் பிடிக்கிறேன் என்று ஒரு கார் நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள். உட்கார்ந்தவள் அப்படியே எழுந்து புடவையை உதறிக்கொண்டு திரும்பி வரணும். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இதெல்லாம் நடந்துவிட்டது. அப்போதே முடிவு பண்ணினேன், இனிமேல் அந்தப் புதருக்குப் போகிறதில்லை என்று.

அதனால் வாயைக் கட்டினேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தண்ணி கிடையாது. காலையில் அரை டம்ளர் காப்பி, அவ்வளவுதான். அளத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டால் வாயை நனைத்துத் துப்பணும், விழுங்கக் கூடாது. அதுவும் முடியாமல் போனால் ஒரு புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொள்ளணும், எச்சில் ஊறும். இருட்டோடு போய்ப் பதினோரு மணிக்குக் கரையேறும் வரைக்கும் ஒரு தடவைகூட ஒதுங்காதவள் என்று எனக்குப் பேர் வந்தது. "இவ ஒடம்பு இரும்புடி" என்று அஞ்சலை சொல்வாள். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும். புதுசாக வருகிற பொண்ணுகளை ஏழுமலையே என்னிடம் அனுப்பி வைப்பான், "யக்கா, நம்ம வழக்கம் சொல்லிக் குடு" என்று. இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பொண்ணுகள் கையில் புளியங்கொட்டை வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தலைவி என்று அன்றைக்கு என்னை யாரும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் நான் அப்படித்தான் நடந்தேன். தாங்கிக்கொள்ளச் சொல்லித் தருவதுதான் மூத்தவள் வேலை என்று நினைத்திருந்தேன்.

நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம் உங்கப்பாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. காலேஜ் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி உன்னை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அதுவும் என் தப்புதான், ஆனால் நான் சொல்ல வந்த தப்பு வேறே. உன் முதல் நாள். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன பச்சை பாட்டில் நிறையத் தண்ணி கொண்டு வந்திருந்தாய். எட்டு மணி இருக்கும், பத்து நடை நடந்திருப்பாய். கழுத்தெல்லாம் உப்புத்தண்ணி வழிந்து, வரப்பில் உட்கார்ந்து மூடியைத் திருகினாய். நான் தலையில் கூடையோடு ஓடி வந்து உன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். "குடிச்சுட்டு எங்கடி போயி உக்காருவ? ஏழுமலை தல மேலயா?" என்று கேட்டுவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலைகூடச் சிரித்தான். தண்ணி வரப்பு மண்ணில் ஓடிப் பாத்தியில் இறங்கியது. "ஐயோ, உப்பு கரையப்போவுது!" என்று அஞ்சலை கத்தினாள், அதுக்கும் ஒரு சிரிப்பு. நீ மட்டும் சிரிக்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாய். ஒரு சொட்டுகூடப் படாத வாய் அது. அப்புறம் நான் கொடுத்த புளியங்கொட்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினாய்.

ஆறு மாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் வாயைத் தண்ணிக்குத்தான் என்னால் கட்ட முடிந்தது, பேச்சுக்குக் கட்ட முடியவில்லை. கிராம சபையில் நீ எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர்த் தலைவர் பதவியைப் பொம்பளைகளுக்கு ஒதுக்கின பிறகு தலைவியம்மா நாற்காலியில் உட்காருவார், பேசுகிறதெல்லாம் அவர் வீட்டுக்காரர். நீ எழுந்து, உப்பளத்தில் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வேணும், குடிக்கத் தண்ணி வேணும், நிழல் வேணும் என்றாய். அவர் வீட்டுக்காரர் மைக்கை இழுத்து, "அது பஞ்சாயத்து எடமா இன்னா? மொதலாளியப் போயிக் கேளும்மா" என்றார். நீ, "நான் தலைவரக் கேட்டேங்க. தலைவர் வூட்டுக்காரரக் கேக்கல" என்றாய். பின்னாடி யாரோ விசிலடித்தார்கள். நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "ஒக்காருடி, மானம் போவுது." நீ குனிந்து என் காதில், "எந்த மானம்மா? தெனம் ரோட்டோரத்துல போவுதே, அதுவா?" என்று கேட்டாய். தலைவியம்மா தலையைத் தூக்கவே இல்லை, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நீ இந்த நோட்டில் மனு எழுத ஆரம்பித்தாய். எங்கே கட்டணும், கதவு எந்தப் பக்கம் பார்க்கணும், குப்பைக்கு மூடி போட்ட டப்பா எங்கே என்று படம்கூடப் போட்டாய். கூடைக்காரிகள் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். "நீ போடும்மா" என்று என்னிடம் மூன்று தடவை வந்தாய். அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன்.

அப்புறம் உனக்கு முகம் பூரித்தது. காலையில் எழுந்தால் கன்னம் இரண்டும் உப்பி, சின்னப் பிள்ளையில் இருந்த மாதிரி. பிறந்தபோது நீ அப்படி இருந்ததால்தானே குண்டு என்று பேர் வைத்தேன். நடுவில் ஒல்லிக்குச்சியாக ஆகிவிட்டாய், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "இப்பத்தான்டி பேருக்கேத்த ஆளா ஆயிருக்கா" என்று அஞ்சலை கிள்ளினாள். அளம் உனக்கு ஒத்துக்கொண்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். காலில் கொலுசு இறுக்குகிறது என்றாய். பெரிய கொலுசு எடுக்கலாம் என்றேன். அது சதை இல்லை, நீர் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாம். சின்ன வயசு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று உன்னைக் கேட்டார். நீ முதலில் என்னைப் பார்த்தாய். அப்புறம் அவரைப் பார்த்து, "நெறையவே குடிப்பேன் டாக்டர்" என்றாய். என்னைக் காப்பாற்றினாய். நானும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதனாலதான்னு ஒரே காரணம் சொல்ல முடியாதும்மா. வெயிலு, வேலை, தண்ணி பத்தாதது, எல்லாம் சேர்ந்து வரும். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். தலையை ஆட்டினேன். அங்கேயும் நான் சொல்லவில்லை, குண்டு.

மெஷினில் வைத்து ரத்தம் சுத்தம் பண்ணின அந்தக் கடைசி மாதங்களில் உனக்குத் தண்ணியை அளந்துதான் கொடுக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பிலிருந்து வெளியே போகாதாம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு, "ஒரு மொடக்கும்மா" என்று கேட்பாய். நான் டம்ளரில் கோடு பார்த்து ஊற்றுவேன். என் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்டப் பாடம் படிச்சவம்மா நானு, எனக்கா கஷ்டம்?" என்று சிரித்தாய். நீ குத்திக்காட்டவில்லை, என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாய். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் தாங்க முடியவில்லை.

உன் காரியத்தன்றைக்குத் தலைவியம்மா வந்தார், வீட்டுக்காரர் இல்லாமல். என் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். "ஒங்க பொண்ணு அன்னிக்கு என்னத்தான் கேட்டா. என்ன ஆளா நெனச்சிக் கேட்டவ அவ ஒருத்திதான். நான் பதில் சொல்லல" என்றார். நான், "நான் அவளப் புடிச்சி இழுத்தேம்மா" என்றேன்.

இனி செல்வி. மூன்று வாரத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை அவளை முதல் முதலாக அளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள் அஞ்சலை. கையில் துணி சுற்றின பெரிய பாட்டில். "எங்க ஊர்ல மோட்டார் கொட்டாயிலயே கெடப்பேன் அத்தே, எனக்குத் தண்ணி இல்லாம ஆவாது" என்று அவள் சொல்ல, அஞ்சலை பழக்கதோஷத்தில், "அதோ வர்றாங்க பாரு, அவங்ககிட்டக் கத்துக்கோ. வாயக் கட்டறதுல வாத்தியாரு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடைக்காரிகள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். என் இடுப்புச் சுருக்குப் பையில் அன்றைக்கும் புளியங்கொட்டை இருந்தது. நான் நேராகப் போய் அந்தப் பொண்ணு கையிலிருந்து பாட்டிலை வாங்கினேன். கவிழ்க்கப்போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் அளத்தில் விழுங்கின முதல் தண்ணி. வெதுவெதுவென்று இருந்தது. மீதியை அவளிடம் நீட்டி, "குடிம்மா" என்றேன். "குடிச்சுட்டு எங்க போறதுங்க?" என்றாள். "அத நான் கேக்கறேன்" என்றேன்.

கேட்கிற நேரமும் வந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் எனக்கு அடிவயிறு கனத்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு நடு வரப்பில் நின்று, "மேஸ்திரி! எனக்கு ஒண்ணுக்கு வருது. எங்க போவட்டும்? சொல்லு" என்று சத்தமாகக் கேட்டேன். ஏழுமலை வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. "யக்கா, இதெல்லாமா கேப்பாங்க?" என்றான். "யாரு எங்க போனாலும் நீதானப்பா கேள்வி கேக்கற. அதான் கேட்டுட்டே போவலாம்னு." உப்பு வாரிக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேகத்தைப் பார்த்தார்கள். மேகமும் பார்க்கிற மாதிரிதான் இருந்தது, வடக்கே கருத்துக்கொண்டு. அஞ்சலை கூடையைத் தொப்பென்று போட்டாள். "எனக்குந்தான் வருது." அடுத்தவள், "எனக்கும்" என்றாள். வராதவள்கூட வருது என்றாள். வாரி ஓரத்தில் ஒதுக்கின உப்பு அப்படியே ஈரமாகக் கிடக்கிறது. நாம் சுமந்து மேட்டில் கொட்டி ஓலை மூடாவிட்டால் ஒரு கோடை மழை போதும், ஒரு வாரத்து உழைப்பு பாத்தியோடு போய்விடும். அது எல்லாருக்கும் தெரியும். ஏழுமலை போனை எடுத்தான்.

மொதலாளி பைக்கில் வந்தார். "இன்னா ஏழுமலை, பொம்பளைங்க சும்மா நிக்கிறாங்க?" என்றார். ஏழுமலை, "அது வந்துங்க... பொம்பளைங்க சமாச்சாரம்ங்க" என்று இழுத்தான். "ஒண்ணுக்குப் போவணும் மொதலாளி, அதான் சமாச்சாரம். இதச் சொல்ல இவனுக்கு எதுக்கு வேர்க்குது?" என்றாள் அஞ்சலை. "இத்தினி வருஷம் இல்லாம இன்னிக்கு இன்னா புதுசா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.  உன் குரல் மாதிரி எனக்குக் கிடையாது, குண்டு. "இத்தினி வருஷமும் இருந்துச்சுங்க. வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். அப்டிக் கெடந்துதான் எம்பொண்ணு போயிட்டா" என்றேன். வெளியில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆளாளுக்குப் பேசாதீங்க. ஒருத்தர் பேசுங்க. யாரு ஒங்களுக்குத் தலைவி?" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "தலைவி செத்துட்டாங்க. அவ எழுதி வச்சத நான் எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்றைக்குத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். மனுவுக்குக் கீழே பேர்கள் வரிசையாக இருந்தன. இரண்டிலிருந்து பதிமூன்று வரைக்கும் கையெழுத்து. ஒன்று என்று போட்டு என் பேரை எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாய். அந்த மூன்று தடவையும் நீ கேட்டது அந்த இடத்துக்காகத்தான். திரும்பி வந்து, மொதலாளியின் பைக் சீட் மேலே நோட்டை வைத்து, அந்த இடத்தில் என் பேரை எழுத்துக் கூட்டிப் போட்டேன். அவர் மனுவைப் படித்தார், உன் படத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சரி, கட்டித் தர்றேன், மொதல்ல மழைக்கு முன்னாடி தூக்குங்க" என்றார். "மொதல்ல இன்னிக்கு நாலு கொம்பு நட்டு மறைப்புக்குச் சாக்கு கட்டச் சொல்லுங்க, அப்புறம் தூக்கறோம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. உப்பு வாருகிறவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி ஓடி நட்டார்கள். ஏழுமலைதான் சாக்கு பிடித்துத் தைத்தான். நாங்கள் ஓட்டமும் நடையுமாகச் சுமந்தோம். கடைசிப் பாத்தியில் கொஞ்சம் கரைந்துதான் போயிற்று. அப்புறம் தலைவியம்மா தண்ணிக் குழாய்க்காக நாலு ஆபீஸ் ஏறி இறங்கினார். வீட்டுக்காரர் வரவில்லையா என்று அஞ்சலை கிண்டலாகக் கேட்டதுக்கு, "அவரு வூட்ல சோறு வடிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தார். நிஜமா என்று தெரியாது. இன்றைக்குப் பார்த்துவிட்டு வந்தேன், கதவு நீ போட்ட மாதிரியே ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. நிழலுக்கு ஓலைக் கொட்டகை மட்டும் இன்னும் பாக்கி. அதைக் கேட்கணும்.

அம்மா பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் புத்தி சொல்லணும் என்பார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் புத்தி இல்லை, சொன்னதுதான் இப்படி வந்து நிற்கிறது. செல்வி, இதைப் படிக்கிற நீ கேட்டுக்கோ. பெரியவங்க உன்னைத் தாங்கிக்கச் சொன்னா, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளு. என்னையும் கேளு. இங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேர் கையில் நான் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். என்னை மன்னிச்சுடுங்கன்னு கேட்க வரல. ஒருநாள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், நீர் எல்லாம் பார்த்துக்கொண்டு வரணும், நான் முன்னாடி நடக்கிறேன். தலைவி என்று நீங்கள் கூப்பிடுகிறதுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டு வருகிறேன்.

குண்டு, நாளைக்கு உன் பச்சை பாட்டிலை எடுத்துப் போகிறேன். இத்தனை வருஷமும் அது பரண் மேலேதான் இருந்திருக்கிறது, உங்கப்பா எடுத்துக் கழுவி வைத்தார். வழிய வழியத் தண்ணி பிடித்து வைத்துவிட்டேன். அஞ்சலை கதவுக்கு மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டப்போகிறாளாம். "கக்கூசுக்குக் கற்பூரமாடி?" என்றால், "எந்த சாமி நமக்கு இத்தினி நாளுல இந்த எடம் குடுத்துச்சு?" என்கிறாள். நீ இருந்தால் அதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாய். கற்பூரம் காட்டின பிறகு எல்லாரும் வரப்பில் உட்கார்ந்து தண்ணி குடிப்பார்கள், எனக்கும் ஊற்றுவார்கள். டாக்டரம்மா கேட்டதுக்கு நீ சொன்ன பதில் பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் நான் கேட்க வேண்டியது அது இல்லை. உன் முதல் நாள், எட்டு மணி வெயிலில், எல்லாரும் சிரிக்க இந்தப் பாட்டிலை உன் கையிலிருந்து பிடுங்கினேனே, அப்போது உனக்கு ரொம்பத் தாகமாக இருந்ததாம்மா?